இறங்கினவர் பேசலாம்

ஆண்டர்சன்பேட்டை சங்கக் கூடத்து ஜன்னலில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல் புழுதி மாலை வெயிலோடு சேர்ந்து உள்ளே வருகிறது. மூடின சுரங்கத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாமா என்பதுதான் கூட்டம். சரி என்பவர்கள் கை தூக்குகிறார்கள். முன்வரிசையில் மகிழனின் கைதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் வாயைக்கூட எட்டிப் பார்க்காதவன் அவன். கை தூக்குவதற்கு இறங்கியிருக்க வேண்டியதில்லை. அவன் தாய் சுலோச்சனா மைக்கை வாங்கிப் பேச எழுந்ததும், "நீங்க கீழ எறங்கி வேலை செஞ்சீங்களாம்மா? எறங்கினவங்கதான் பேசணும்" என்கிறார் தலைவர், தன்மையாகத்தான். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் பெண்களை ஏற்றியதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். "இவரு எறங்கினாருண்ணா" என்று, பக்கத்து நாற்காலியில் குறுகிக் கிடக்கும் கணவர் தம்மபாலனின் கையில் மைக்கைத் திணிக்கிறாள். அவர் உதடுகள் அசைகின்றன. பேச்சு வரவில்லை. பாறைத்தூள் படிந்த நெஞ்சு மூச்சுக்கு இழுக்கிற இழுப்பு மட்டும் ஓட்டைத் துருத்திபோல இரண்டு ஸ்பீக்கர்களிலும் கேட்கிறது. வீட்டில் நாலு சுவருக்குள் அடங்கிக் கிடந்த சத்தம் கூடம் முழுக்க நிறைகிறது. யாரோ மின்விசிறியை நிறுத்துகிறார்கள். மகிழன் திரும்பவில்லை, கையும் இறங்கவில்லை. தலைவர் மெல்ல வந்து மைக்குக்குக் கை நீட்டுகிறார். கணவரின் விரல்களோடு சேர்த்து மைக்கை இறுகப் பிடித்துக்கொள்கிறாள் சுலோச்சனா. மகனின் கையைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "இருங்கண்ணா. அவரு பேசினுதான் இருக்காரு."