கணக்கு டீச்சர் தேவை

“வெளிய நிக்காரே, அவரு யாரும்மா?”

சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே ஐயம்பெருமாள் கேட்டார்.

“என் மாமனார் சார்.”

“காவலுக்கு வந்திருக்காராக்கும்?”

ஃபர்ஹத் சிரித்துவிட்டாள். கறுப்பு பர்தாவுக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. “கைப்பிள்ளை இருக்கு சார். இண்டர்வியூ முடியுற வரைக்கும் அவங்கதான் வச்சிருக்கணும்.”

ஜன்னல் வழியே பார்த்தார். வெள்ளைக் கைலி, தொப்பி, தோளில் ஒரு குழந்தை. வேப்பமர நிழலில் அந்த மனிதர் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஐயம்பெருமாள் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை. லீவு முடியப் போகிறது. விளம்பரம் கொடுத்தும் சரியான ஆள் அமையவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் டவுனில் இருக்கும் தன் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்.

“தொகையிடல் பாடத்தை எப்படி ஆரம்பிப்பீங்க?”

“வயல்ல இருந்து சார்.”

“வயலா?”

“ஆத்தோரத்து வயல் சதுரமா இருக்காது. ஒரு பக்கம் ஆறு எப்படி வளையுதோ அப்படி வளைஞ்சிருக்கும். இதுல எத்தனை சென்ட்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு பிள்ளைககிட்ட கேப்பேன். எங்க பத்தமடைப் பாய்ல கோரை கிடக்குமில்லையா, அந்த மாதிரி வயலை மெல்லிசு மெல்லிசாக் கீறிக் கூட்டச் சொல்லுவேன். எவ்வளவு மெல்லிசாக் கீறுதோமோ அவ்வளவு சரியா விடை வரும். சூத்திரம் மறுநாள்தான் சார்.”

ஐயம்பெருமாளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

“பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க நிலைச்சு இருப்பீங்களா? அதுதான் எனக்குச் சந்தேகம். அவரையும் உள்ள வரச் சொல்லுங்க.”

மாமனார் காஜா முகைதீன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒளிக்காமச் சொல்லுதேன் பாய், தப்பா எடுத்துக்கிடாதீய,” ஐயம்பெருமாள் ஆரம்பித்தார். “எங்க ஆளுக பரம்பரை வயலையெல்லாம் வித்துப் படிச்சாங்க. இன்னைக்கு எங்க தெருவுல டாக்டரு, பேங்க், கலெக்டர் ஆபீஸ்னு வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்க. வயல் போச்சு, படிப்பு இருக்கு. உங்க பக்கம் அப்படியே தலைகீழ். துபாய், சவுதின்னு போயி மாடி வீடாக் கட்டிட்டீய. உள்ள ஒரு புத்தக அலமாரி கிடையாது. பொம்பளைப் பிள்ளை தப்பித்தவறிப் படிச்சாலும் மறுவருசம் அடுப்படிதான். நான் வேலை கொடுப்பேன், பாதி வருசத்துல நீங்க நிப்பாட்டிருவீங்க. பிள்ளைக பரீட்சைக்கு நான் எங்க போவேன்?”

ஃபர்ஹத் வாய் திறப்பதற்குள் காஜா முகைதீன் பேசினார். குரல் உயரவே இல்லை.

“அண்ணாச்சி சொல்லுததுல பாதி நெசம். எங்க வாப்பா பாய் முடைஞ்சாக. நான் எட்டாங் கிளாஸோட நிறுத்திட்டு சவுதிக்குப் போனேன். என் மவன் இப்பமும் அங்கதான் இருக்கான். எங்களுக்கும் படிப்பு ஆசை இருந்துச்சு அண்ணாச்சி. விக்கதுக்குத்தான் வயல் இல்லை.”

காஜா முகைதீன் மருமகளைக் கைகாட்டினார்.

“இந்தப் பிள்ளையைப் பொண்ணு கேட்டுப் போனப்ப, ‘நான் வேலைக்குப் போவேன், சம்மதம்னா மேல பேசுங்க’ன்னு எங்க முன்னாடியே சொல்லிட்டா. எங்க வீட்டுக்குள்ள மொத டிகிரி வந்ததே இவளாலதான். அதைப் பெட்டியில பூட்டி வைக்க மனசு வருமா?”

“அப்ப பிள்ளையை யாரு பாத்துக்கிடுவா?”

“நான்தான். வேற என்ன சோலி எனக்கு?”

குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. ஐயம்பெருமாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரிம்மா. பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கே வந்து சேந்துருங்க. ஒரு நல்ல மாற்றத்துக்கு நம்ம பள்ளிக்கூடம் வழிகாட்டுனதா இருக்கட்டும்.”

“ரொம்ப சந்தோசம் சார்.”

அவருக்கும் சந்தோஷம்தான். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். சற்று நேரத்தில் ஒரு பெண் காபித் தட்டோடு வந்தாள்.

“என் மருமக விஜயஸ்ரீ,” என்றார் பெருமையாக. “எம்.எஸ்சி. கணக்கு. யுனிவர்சிட்டியில தங்க மெடல் வாங்குனவ. எங்க வீடுகள்ல படிப்பைப் பாத்துத்தான் மருமகளே எடுப்போம்.”

ஃபர்ஹத் ஆச்சரியத்தில் எழுந்தேவிட்டாள். “தங்க மெடலா! எந்த ஸ்கூல்ல எடுக்கீங்க அக்கா?”

விஜயஸ்ரீ மாமனாரைப் பார்த்தாள்.

“அவளுக்கு என்னம்மா தலையெழுத்து,” ஐயம்பெருமாள் சிரித்துக்கொண்டே சொன்னார். “எங்க வீட்டுப் பொம்பளை வேலைக்குப் போனா நாலு பேரு என்ன...”

பாதியில் நிறுத்திவிட்டார்.

காஜா முகைதீன் தலையைக் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரும் காபியை எடுக்கவில்லை.

விஜயஸ்ரீ தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபர்ஹத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பத்தாம் வகுப்புக்கும் ஆள் கிடைக்கலைன்னு நேத்து போன்ல சொல்லிட்டு இருந்தீங்களே மாமா,” என்றாள். “எனக்கும் இப்பவே இண்டர்வியூ வச்சிருங்க.”