நான்காவது ஆட்டக்காரன்

பாழடைந்த ஒரு மண்டபத்தில் காகமும் கீரியும் முயலும் தினமும் கதை விளையாட்டு ஆடின. காகம் கதையை நடத்தும். மற்ற இரண்டும் ஆளுக்கொரு வீரனாக மாறி, அந்த வீரன் அடுத்து என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும்.

கீரி யாரையும் பேச விடாது. முயல் வாயைத் திறப்பதற்குள், "என் வீரன் முன்னாடி போறான்" என்று சொல்லிவிடும்.

பனி மூடிய ஒரு காலையில் கதை ஒரு பாழுங்கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.

"என் வீரன் தனியாவே இறங்குறான்," என்றது கீரி. "கீழே யார் இருக்கா?"

"நான்தான்," என்றது ஒரு குரல்.

அது காகத்தின் குரல் இல்லை. காகம் அலகை இறுக மூடிக்கொண்டிருந்தது. மண்டபத்துத் தரை காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் குளிர்ந்த தண்ணீர் தன் கால்களில் ஏறுவதைக் கீரி உணர்ந்தது.

"அடுத்து என்ன செய்யப் போறே?" என்று அந்தக் குரல் கேட்டது.

கீரி முதல் முறையாக முயலின் பக்கம் திரும்பியது. "நீ சொல்லேன். உன் வீரன் என்ன பண்றான்?"

முயல் கொஞ்சம் யோசித்தது. "மேலேருந்து கயிறு விடுறான். கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சுக்கிட்டேன்," என்றது கீரி. தண்ணீரின் குளிர் மெல்ல வடிந்தது.

குரல் மட்டும் போகவில்லை. இப்போது அது தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "இத்தனை நாளா நீயும் என்னை மாதிரி தனியா ஆடினே. இனிமே நான் யாரோட ஆடுறது?"

கீரி நடுங்கிக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டது.