துரை சம்மதிக்கணும்

“சினிமாவுல ஹீரோவா நடிச்ச ஆட்டை யாராச்சும் வெட்டுவாங்களா?” என்று மலர்க்கொடி கேட்டபோது, அவள் புருஷன் கலியபெருமாள் வீட்டுக் கிடா துரையின் கழுத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தான்.

“நேந்துவிட்டது நேந்துவிட்டதுதான். எங்கக்கா வாயில விழ என்னால முடியாது.”

அக்கா என்றால் குந்தவை. போன வருஷம் கலியபெருமாள் டிராக்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது, “தம்பி எழுந்து நடந்தா, அவன் வீட்டுக் கிடாவை உனக்கு வெட்டுறேன்” என்று கருப்பரிடம் வேண்டிக்கொண்டவள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது?

அதற்கப்புறம்தான் திருக்காட்டுப்பள்ளிக்கு சினிமா கம்பெனி வந்தது. கிணற்றில் விழுந்த நரி, ஓர் ஆட்டை ஏமாற்றி உள்ளே குதிக்க வைத்து, அதன் முதுகில் ஏறித் தப்பித்துப் போகுமே, சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதை. அதைக் குடும்பத்தோடு பார்க்கிற சிரிப்புப் படமாக எடுத்தார்கள். நரி வேஷத்துக்கு ஒரு நாயைப் பிடித்துச் சாயம் பூசினார்கள். ஆடு வேஷத்துக்கு, ஊரிலிருந்த நாற்பது கிடாக்களையும் பார்த்துவிட்டு, தாடி அழகுக்காகத் துரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதினெட்டு நாள் ஷூட்டிங். தினமும் துரையை ஓட்டிக்கொண்டு போய்வந்தது கலியபெருமாள்தான். “நாத்துப் பறிக்க ஆளில்ல. இதுல ஆட்டுக்கு மானேஜர் வேலை வேற” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போவான்.

மலர்க்கொடி ஒரே ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அன்றைக்கு மழைக் காட்சி. ரப்பர் குழாயிலிருந்து மழை கொட்ட, நரியிடம் ஏமாந்த துரை, செட்டுப் போட்ட கிணற்றுக்குள் சோகமாக நின்றது. தீபாவளிக்குப் படம் வரும், அதற்குள் துரை குழம்பாகிவிடும் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் பாதியிலேயே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள்.

இந்தக் கல்நெஞ்சுக்காரனோ, ஒரு வாரமாகத் தினமும் விடிந்ததும் ஆட்டைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் குளிப்பாட்டுகிறான். கேட்டால், “சாமிக்குப் போற ஆடு சுத்தமா இருக்க வேணாமா?” என்கிறான்.

கோயிலில் குந்தவை, அரைத்த மசாலாவோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

“அண்ணி, கொஞ்சம் யோசிங்க. துரை பாவம் அண்ணி.”

“ஆட்டைக் கேட்டுக்கிட்டா மசாலா அரைப்பாங்க?”

“கருப்பர் கோயில்ல ஆட்டைக் கேட்டுத்தானே அண்ணி வெட்டுறோம்!”

அது வாஸ்தவம். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. ஆனால் நனைந்த ஆடு சிலுப்பாமல் இருக்குமா? அந்தக் கோயிலில் எந்த ஆடும் இரண்டாவது சொம்பைத் தாண்டியதில்லை.

பூசாரி சொம்பைத் தூக்கினார்.

“மேளத்த நிறுத்துங்க! மைக்செட்ட நிறுத்துங்க!” என்று கலியபெருமாள் அதட்டினான். “சாமி உத்தரவு கொடுக்கிற நேரம். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

மலர்க்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதல் சொம்பு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்குக் கண்ணைத் திறந்து பார்த்தாள். துரை நின்றது நின்றபடி இருந்தது. ஏழாவது சொம்போடு மஞ்சள் தீர்ந்துபோய், வாய்க்கால் தண்ணீரை அப்படியே மொண்டு ஊற்றினார்கள்.

“ஆடி மாசத்துல தண்ணிக்கா பஞ்சம்? நல்லா ஊத்துங்கய்யா!” என்று கலியபெருமாளே ஒரு குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தான்.

‘இவனெல்லாம் ஒரு மனுஷனா!’ என்று மலர்க்கொடி பல்லைக் கடித்தாள்.

தாடி நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, துரை கூட்டத்தைச் சோகமாகப் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், கோயிலே குலுங்கியது. பூசாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொம்பைக் கீழே வைத்தார்.

“கருப்பருக்கு இஷ்டமில்லம்மா. ஓட்டிக்கிட்டுப் போங்க.”

குந்தவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அவருக்கே வேணாம்னா நான் யாரு?” என்றவள், அரைத்த மசாலா வீணாகக் கூடாதென்று கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி ஐந்து கிலோ பிராய்லர் கோழி வாங்கிவரச் சொன்னாள்.

கலியபெருமாள் துரையை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று மூங்கில் புதருக்குப் பின்னால் போனான். மலர்க்கொடி பின்னாலேயே ஓடினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“சாமி கண்ணைத் திறந்துட்டாருங்க! ஆனா பாருங்க, இன்னும் சொட்டச் சொட்ட நிக்குதே, சளி புடிச்சுக்காதா? ஏங்க சிலுப்ப மாட்டேங்குது?”

கலியபெருமாள் எட்டிப் பார்த்தான். அக்கா வரவில்லை. துரையின் காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னான்:

“கட்!”

துரை மூக்கிலிருந்து வால்வரை சிலுப்பிய சிலுப்பில் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அடுத்த நொடியே அது, ஷூட்டிங்கில் பழகியபடி, கலியபெருமாளின் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்தது. பை நிறைய வேர்க்கடலை இருந்தது.