மறுக்கிற பாடம்

"அந்தப் பாடம் இன்னைக்கும் இல்லையா மேடம்?"

ரத்தினவேல் எழுந்து நின்று கேட்டார்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, மத்தியான பேட்ச். மறுநாள் அவருக்கு வீடியோவில் இன்டர்வியூ. துபாய் ஹோட்டலில் சர்வர் வேலை. இதையும் விட்டால் இந்த வயசில் வேறு விசா வராது.

புவனேஸ்வரி டீச்சரோ சாப்பாட்டுப் பாடத்தை விட்டு நகரவில்லை. முடிந்தவர்கள் டிபன் பாக்ஸ் கொண்டுவர வேண்டும். "ப்ளீஸ் ஹேவ் சம்" என்று பக்கத்தில் நீட்ட வேண்டும். வாங்கியவர் தின்றுவிட்டு, உப்பா உறைப்பா என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. வெறும் 'நோ' மரியாதையில்லையாம். மரியாதையாக மறுப்பது தனிப் பாடமாம். அப்புறமாம்.

"ஓசிச் சோத்துக்குப் பாடத்த இழுக்குதுய்யா டீச்சரு" என்பான் பக்கத்து பெஞ்ச் ஆத்மநாதன். ரத்தினவேலும் அப்படித்தான் நினைத்தார்.

முன் பெஞ்சில் சொர்ணவல்லி, யாரோ நீட்டிய புளிச்சோற்றை வாயில் வைத்துக்கொண்டு "வெரி டேஸ்ட்டி" என்றாள். ஜவுளிக்கடையிலிருந்து நேரே ஓடிவருகிற பெண். முதல் வாரம் படியிலேயே மயங்கி விழுந்தாள். டீ வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. "சாப்ட்டாச்சுண்ணே, வெயிலுதான்" என்று சிரித்தாள்.

"கஸ்டமர் நீயும் ஒரு பெக் போடுன்னு நீட்டுனா என்ன சொல்றது? அதத்தான் கேப்பாங்களாம். நடத்துறீங்களா, நான் கெளம்பவா?" ரத்தினவேல் விடவில்லை.

சொர்ணவல்லி மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் முகம் வெளுத்தது. "வெளிய வாங்கண்ணே" என்றார்.

மாடிப்படியில் நிற்க வைத்து, தணிந்த குரலில் சொல்லிக் கொடுத்தார். "நோ, தேங்க்யூ சார். ஐ ஆம் ஆன் ட்யூட்டி." நாக்கில் படியும் வரை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்.

ரத்தினவேலுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "இம்புட்டுத்தானா? இத உள்ளயே சொன்னா என்ன கொறஞ்சு போகும்?"

டீச்சர் கதவிடுக்கு வழியே உள்ளே பார்த்தார். சொர்ணவல்லி அடுத்த பாக்ஸை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள சொல்லிக் குடுத்தா, மொத ஆளா அந்தப் புள்ள சொல்லிரும்ணே. அதுக்கு மத்தியானச் சோறே இந்தப் பாடந்தான்."