கேபினுக்குக் கீழே

"தம்பி, கப்பல்ல நீங்க படுக்கிற ரூம் எந்தப் பக்கம்?"

பெண் பார்க்க வந்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்புஜத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பளம் கேட்கவில்லை, குடும்பம் பற்றிக் கேட்கவில்லை. "ஜாதகம் அருமையாப் பொருந்தியிருக்கு" என்று காலையில்தான் மாண்ட்ரியலில் அவர்கள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பேட்டை முழுக்கப் போன் போட்டுச் சொன்னார் அவள் கணவர் கோவிந்தராஜன். பிள்ளை தன் கப்பலின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஆபீஸில் நாளெல்லாம் கப்பல் வரைபடங்களோடு மல்லாடும் இன்ஜினியர், அந்த ஆர்வமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பின்பக்கம் சார்," என்றான் குணசீலன். பெற்றோர் தஞ்சாவூரில் இருக்க, கப்பல் மாண்ட்ரியலில் நிற்கும் நாலு நாளில் அவன் மட்டும் வந்திருந்தான். "எரிவாயு டேங்குக்கு நேர் மேலே. எண்ணெய் விலை ஏறினதுக்கு அப்புறம் எங்க கப்பல் எரிவாயுவிலதான் ஓடுது."

"கசிஞ்சா தெரியுமா?"

"வாசனை வராது சார். மீட்டர் இருக்கு, மணி அடிக்கும்."

"அடிச்சிருக்கா?"

"போன மாசம் ரெண்டு தடவை. மீட்டர்தான் கோளாறுன்னு கேப்டன் அதை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டார்." சிரித்தான். "பயப்படாதீங்க சார். ஆபத்தில்லாத கப்பல்னு சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. கையெழுத்துதான் கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் இருபத்திரண்டு பேரும் நிம்மதியாத் தூங்கறோம்."

கோவிந்தராஜன் எழுந்து சமையலறைக்கு வந்தார். குழாயில் தண்ணீர் பிடித்தார், குடிக்காமல் வைத்துவிட்டார்.

"இந்த இடம் வேண்டாம் அம்புஜம்."

"உங்களுக்கு என்ன ஆச்சு? மூணு வருஷமா அலைஞ்சு, இப்பதான் வசந்தி ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கா."

ஹாலில் மகள் வசந்தகுமாரி எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

"அதோ, கேட்டுதா? வேண்டாங்கறதை நீங்களே போய் அவகிட்டச் சொல்லுங்க."

"சொல்ல முடியலை. அவளைத் தாலியறுத்த கோலத்துல பார்க்கவும் முடியாது."

"முதல்ல வாயைக் கழுவுங்க. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" அம்புஜத்துக்கு அழுகை வந்துவிட்டது. "அவ்வளவு பயமா இருந்தா, வேற கப்பலுக்கு மாறிக்கச் சொல்லுங்க."

"காரணம் கேட்பான்."

"கேட்டா சொல்றது. நாக்கு தேய்ஞ்சா போயிடும்? எனக்கு ஒண்ணுதான் புரியலை. நிஜமாவே ஆபத்துன்னா, அந்தச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்ட மகராசன் கப்பலைப் பார்க்காமலா போட்டிருப்பான்?"

கோவிந்தராஜன் சமையலறைக் கதவை மெல்லச் சாத்தினார்.

"பார்க்கலை. அன்னிக்குப் பனி கொட்டுதுன்னு துறைமுகத்துக்குப் போகாம, ஆபீஸ்லயே வரைபடத்தைப் புரட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."