வெள்ளைக் கோடு

கங்கம்மாளுக்கு இடுப்பு விண்டுபோகிற மாதிரி வலித்தது. காலையிலிருந்து குனிந்தவள் நிமிரவில்லை. கைவிட்ட கல்குவாரிக் குட்டையின் சரிவில் நிற்கிற ஐந்து எச்.பி. டீசல் எஞ்சினுக்கு மாதாமாதம் செய்கிற சர்வீஸ் அன்றைக்கு.

பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினாள். டீசல் ஃபில்டரைக் கழுவினாள். உறிஞ்சுகுழாயின் நுனியில் தண்ணீருக்குள் கிடந்த ஃபுட்வால்வை இழுத்துப் பாசியைச் சுரண்டினாள்.

"இன்னாக்கா, கல்யாணப் பொண்ண சோடிக்கிறா மாதிரி தொடைக்கிற?" என்றான் டேங்கர் டிரைவர் ஜோயல்.

"இன்னிக்கு நடுவுல நிக்கக் கூடாது. ரிமோட் ஒயரு ஒண்ணுதான் பாக்கி."

"மெதுவா சொல்லுக்கா! மே மாசம் மீட்டிங்குல குண்டு வெடிச்சதுலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரிமோட்டுன்னாலே போலீசு அள்ளிக்கினு பூடுறாங்க." ஜோயல் கண்ணைக் காட்டினான். டேங்கர் ஓரமாக ஒரு கான்ஸ்டபிள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தண்டலத்தில் போட்டிருந்த போலீஸ் முகாமுக்குத்தான் அன்றையத் தண்ணீர்.

"சார், டேங்கு ரொம்ப நேரமாவும். இருந்து கூடவே போங்க," என்றாள் கங்கம்மாள்.

ரிமோட் என்பது மேலே கொட்டகையில் முதலாளி புருஷோத்தமனின் நாற்காலிக் கையில் கட்டியிருந்த சிவப்புப் பொத்தான். எஞ்சினிலிருந்து அதுவரை ஒயர் இழுத்திருந்தார்கள். முட்டிவலிக்காரர் இறங்கி வர வேண்டாம். அமுக்கினால் எஞ்சின் நின்றுவிடும்.

"இன்னா கங்கா, உன் ஓடுகாலிப் புருசன் கடுதாசி போட்டானா?" மேலிருந்து குரல் வந்தது.

"இல்ல மொதலாளி."

"எவளையோ ஏத்திக்கினு என் டிராக்டரோட பூட்டான். நீ கெடந்து சாவுற."

மூன்று வருஷமாக வாரம் தவறாத கேள்வி. சுப்பன் அன்றைக்குக் காலையில் தூக்குச்சட்டியில் கூழும் மாங்காய் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு, அப்போது வெடி வைத்துக் கல் உடைத்துக்கொண்டிருந்த இதே குவாரிக்கு வேலைக்கு வந்தவன், வீடு திரும்பவில்லை. டிராக்டருக்கு ஈடென்று அவள் கூலியில் பாதியை முதலாளி பிடித்துக்கொண்டு வந்தார். தெருவில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஆப்ட்டான்னா இன்னா செய்வே?"

ஸ்பேனரால் நட்டை இன்னொரு சுற்று இறுக்கினாள். "ஆப்டட்டும் மொதலாளி. இந்தக் கணக்க நான்தான் தீக்கணும்."

"அப்பிடிப் போடு!" முதலாளி தொந்தி குலுங்கச் சிரித்தார்.

ரிமோட் ஒயரின் முனைகளைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினாள். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

டேங்கர் நிறைய நிறையத் தண்ணீர் இறங்கியது. எதிர்ப் பாறையில் முதலாளி தன் கையால் அடித்த வெள்ளைக் கோடு இருந்தது. அதற்குக் கீழே சேறு, ஃபுட்வால்வு அடைத்துக்கொள்ளும் என்பார். ஊரே குடத்தோடு அலைகிற கோடையிலும் தண்ணீர் கோட்டைத் தொட்டதும் பொத்தானை அமுக்கிவிடுவார்.

அன்றைக்கும் அமுக்கினார். எஞ்சின் நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார். குத்தினார்.

"கங்கா! நிறுத்துடி!"

அவள் திரும்பவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே சரிவில் இறங்கி வந்தார். கையில் ஹேண்டிலோடு அவள் வழியை மறித்து நின்றாள்.

"ஒயர மாட்டல மொதலாளி."

"அடியில சேறுடி!"

"பாக்கலாம். எவ்ளோ சேறு கீதுன்னு எல்லாரும் பாக்கலாம்."

அடியில் குட்டை குறுகல். தண்ணீர் மளமளவென்று வடிந்தது. முதலில் ஒரு புகைக்குழாய் தலை நீட்டியது. அப்புறம் வளைந்துபோன ஸ்டீயரிங். அதில் மாட்டியபடி, பாசி பிடித்து, ஒரு தூக்குச்சட்டி.

"யேசப்பா..." என்றான் ஜோயல். கான்ஸ்டபிள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு இறங்கி வந்தார்.

முதலாளி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "வெடி முந்திக்கிச்சி கங்கா... வண்டியோட சரிஞ்சிட்டான்... கேசாயிடுமேன்னுதான் குவாரிய மூடி, தண்ணி ரொம்பட்டும்னு வுட்டுட்டேன்..."

கங்கம்மாள் ஹேண்டிலை அவர் காலடியில் போட்டாள்.

"டிராக்டரு உங்குளுது, எடுத்துக்குங்க. எம் புருசன எனக்குக் குடுங்க."