பத்தடி உயரம்

படுக்கையும் அடுப்புமாக நாங்கள் ஊர் சுற்றிய கேரவனை டேப் வைத்து அளந்து, உயரம் பத்தடி என்று போன் மேப்பில் என் கணக்கில் பதிந்தவள் நான். உயரம் சொன்னால்தான் அது தாழ்வான பாலங்களைத் தவிர்த்து வழி காட்டும். மூன்று கோடை அந்த வண்டிக்குள் வெந்தேன். ஏசி கேட்டபோதெல்லாம் என் புருஷன் டேவிட்சனிடம் ஒரே பதில்தான்: "ஜன்னலைத் திற, காத்து வரும்." நான்காம் கோடையில் வனிதாவை ஏற்றிக்கொண்டு வண்டியோடு போய்விட்டான். இன்று காலை வெட்கமே இல்லாமல் போன் செய்தான்.

"ரோஸ்லின், அந்த மேப்போட பாஸ்வேர்டு என்ன? மலைக்குப் போறோம்."

சொன்னேன். அவன் பக்கம் ஏதோ இரைந்தது.

"என்னங்க சத்தம்?"

"ஏசி. போன வாரம் கூரை மேல மாட்டினேன். வனிதாவுக்கு வெக்கை ஆகாது."

"எவ்வளவு உயரம் இருக்கும்?"

"ஒரு அடி இருக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். பாத்துப் போங்க."

அதே கணக்கு திறந்திருந்த என் போனில் அவன் வண்டி நீலப் புள்ளியாக நகர்ந்தது. பத்தடி வண்டிதானே என்று மேப் அவனை ரயில் பாலத்து வழியில் அனுப்பியது. பாலத்துக்கு முன்னால் பத்தரை அடியில் குறுக்கே ஓர் இரும்பு உத்தரம் உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்; அவன் சிரிப்பான். கூப்பிட்டுச் சொல்ல இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் டீ போட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துக் குடித்தேன். புள்ளி நின்றது. போன் அடித்தது. எடுத்து, அவன் வாய் திறப்பதற்குள் கேட்டேன்:

"காத்து வருதா?"